ஏர் மார்ஷல் ஒருவர் துணைவேந்தராக முடியுமா?

மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து, முதுகலை இயற்பியல் முதலாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: விமானப்படையில் ஏர் மார்ஷல் போன்ற உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற ஒருவர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆவதைச் சட்டம் அனுமதிக்கிறதா, அப்படியானால் தானும் அந்த வழியில் போகலாமா, அல்லது அப்பா சொல்வதுபோல முனைவர் பட்டத்தை முடித்து, உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதுவதுதான் சரியா? தஞ்சாவூர் தளத்திலிருந்து கிளம்பும் சுகோய் விமானங்களின் ஓசையைக் கேட்டு வளர்ந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். கேள்வியை இரண்டு மூன்று முறை படித்த பிறகு, அவர் கேட்க விரும்புவது இன்னும் அடிப்படையான ஒன்று என்று எனக்குப் படுகிறது. சீருடை, வகுப்பறை ஆகிய இரண்டின் மீதும் ஒரே அளவு ஆசை கொண்டவர், ஒன்றின் உச்சியை அடைந்தால் மற்றொன்றின் தலைமை தானாகவே கைக்கு வருமா என்று அறிய விரும்புகிறார். அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். விமானப்படையின் கல்விப் பிரிவில் 24 ஆண்டுகள் பணியாற்றி, விங் கமாண்டராக விருப்ப ஓய்வு பெற்று, பிறகு காவிரிக் கரையிலுள்ள ஒரு தனியார் கல்லூரியின் நிர்வாகத்தில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இரு பக்கத்தையும் ஓரளவு பார்த்திருக்கிறேன். துணைவேந்தர் தேடுதல் குழு எதிலும் நான் இருந்ததில்லை. ஆகவே அந்த அறைக்குள் நடப்பதைப் பற்றி விதிகளையும் தீர்ப்புகளையும் வைத்து மட்டுமே பேசுவேன்.

முதலில் பதவிப் பெயர்களைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்திய விமானப்படையில் ஜெனரல் என்ற பதவியே கிடையாது, அது தரைப்படைக்குரியது. அமெரிக்க விமானப்படையில்தான் விமானப்படை அதிகாரிகளையும் ஜெனரல் என்பார்கள். அங்கே லெப்டினன்ட் ஜெனரல் என்றால் நம்மிடம் ஏர் மார்ஷல். நம் படையில் பிளையிங் ஆபீசராகத் தொடங்கி, பிளைட் லெப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர் வரை பெரும்பாலும் பணிக்காலத்தை ஒட்டிய உயர்வுதான். தேர்வுகளும் மருத்துவத் தகுதியும் சரியாக இருந்தால் ஏறக்குறைய 13 ஆண்டுகளில் விங் கமாண்டர் ஆகிவிடலாம். அதற்குமேல் குரூப் கேப்டன், ஏர் கமடோர், ஏர் வைஸ் மார்ஷல், ஏர் மார்ஷல் ஆகிய படிகளுக்குத் தேர்வு வாரியத்தின் வடிகட்டல் உண்டு. ஒவ்வொரு படியிலும் நல்ல அதிகாரிகள் பலர் நின்றுவிடுகிறார்கள். ஏர் மார்ஷல் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். தலைமைத் தளபதியான ஏர் சீஃப் மார்ஷலுக்கு மட்டும் 62 வயது வரையோ மூன்று ஆண்டுகளோ, எது முந்தையதோ அதுவரை பணி. இந்த 60 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது மிகவும் தேவைப்படும்.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, துணைவேந்தராக வருபவர் சிறந்த கல்வியாளராக இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியராகக் குறைந்தது பத்தாண்டு அனுபவம் இருக்க வேண்டும், அல்லது புகழ்பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்திலோ கல்வி நிர்வாக நிறுவனத்திலோ பத்தாண்டு அனுபவமும் கல்வித் தலைமைக்கான சான்றும் இருக்க வேண்டும். தேடுதல் குழு மூன்று முதல் ஐந்து பெயர்கள் கொண்ட பட்டியலைத் தர வேண்டும். அதிலிருந்து ஒருவரை வேந்தர் நியமிப்பார். இவை சம்பிரதாயத்துக்கு எழுதிவைத்த வரிகள் என்று நினைத்துவிடக் கூடாது. கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வழக்கில், பட்டியலுக்குப் பதிலாக ஒரே ஒரு பெயர் பரிந்துரைக்கப்பட்டது என்பதற்காகவே 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் துணைவேந்தர் நியமனத்தை ரத்து செய்தது. ஆக, விதியில் படை அதிகாரிக்குத் தடை ஏதும் எழுதப்படவில்லை. ஆனால் படை அதிகாரி என்பதற்காகத் திறந்துவைத்த கதவும் இல்லை.

ஐயம் தொடங்கும் இடம், அந்த ‘அல்லது’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பகுதி. ஒரு ஏர் மார்ஷலின் 38 ஆண்டுப் பணியில் எந்தெந்த ஆண்டுகளைக் கல்வி நிர்வாக அனுபவமாகக் கணக்கிடலாம்? போர் விமானிப் பிரிவில் உயர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இளமையில் தாம்பரத்துப் பறத்தல் பயிற்றுநர் பள்ளியில் தேர்ச்சி பெற்று, ஐதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படை அகாதமியில் இரண்டு மூன்று ஆண்டுகள் பயிற்றுநராக இருந்திருப்பார். நடுப்பகுதியில் நீலகிரி வெலிங்டனிலுள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் மாணவராகவும், பிறகு அங்கேயே பயிற்றுவிக்கும் அதிகாரியாகவும் இருந்திருக்கலாம். பிற்பகுதியில் செகந்திராபாத் வான்போர்க் கல்லூரிக்கோ கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாதமிக்கோ தலைவராகப் போயிருக்கலாம். ஒவ்வொரு பொறுப்பும் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள், சில வேளை மூன்று. எல்லாம் ஒருவருக்கே வாய்த்தாலும் கூட்டிப் பார்த்தால் எட்டு ஒன்பது ஆண்டுகளைத் தாண்டுவது கடினம்; உண்மையில் இவை எல்லாம் ஒருவருக்கே வாய்ப்பது அரிது. மேலும், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆண்டுகள் கல்வித் தலைமைக்குச் சான்றாகுமா என்பது தேடுதல் குழுவும், வழக்கு வந்தால் நீதிமன்றமும் முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆகாது என்பது என் கருத்து. பறத்தல் பயிற்சி மிக உயர்ந்த ஆசிரியப் பணி. ஒரு பிழையில் இரண்டு உயிர் போகும் வகுப்பறை அது. ஆனால் அறிவை உருவாக்குவதும், பாடத்திட்டத்தை வாதிட்டுத் திருத்துவதும், ஆய்வை நெறிப்படுத்துவதும் அங்கே நடப்பதில்லை.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்கு ஒரு முன்னிகழ்வு உண்டு. தரைப்படையின் துணைத் தலைமைத் தளபதிகளில் ஒருவராக இருந்து ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் சமீருத்தீன் ஷா 2012 முதல் 2017 வரை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அவர் பேராசிரியராக இருந்ததில்லை என்ற அடிப்படையில் அந்த நியமனம் உச்ச நீதிமன்றம் வரை கேள்விக்குள்ளானது. அதற்கு முன்பு, 1997 முதல் 2000 வரை, லெப்டினன்ட் ஜெனரல் எம்.ஏ. ஜாக்கி டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராக இருந்தபோது இன்றைய பத்தாண்டு விதி நடைமுறையில் இல்லை. விதி இறுகிய பிறகு வழி குறுகியிருக்கிறது என்பதை இந்த இரண்டு நியமனங்களுமே காட்டுகின்றன. 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு, தொழில்துறை, பொது நிர்வாகம், பொதுக் கொள்கை, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றில் பத்தாண்டு உயர்நிலை அனுபவம் உள்ளவர்களுக்கும் இடம் தரலாம் என்று முன்மொழிந்தது. அதிலும் குறிப்பிடத்தக்க கல்விப் பங்களிப்பு வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. தமிழ்நாடு சட்டப்பேரவை அந்த வரைவை எதிர்த்து அதே மாதம் தீர்மானம் நிறைவேற்றியது. வரைவை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டு உதாரணங்களையும் கேட்டிருந்தீர்கள். பாகிஸ்தானில் 2002-இல் இஸ்லாமாபாத்தில் தொடங்கப்பட்ட விமானப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்களாக விமானப்படை உயரதிகாரிகளே இருந்து வருகிறார்கள். அது அந்தப் படையோடு இணைந்த நிறுவனம் என்பதால் அதில் வியப்பில்லை. நம் கேள்விக்கு மேலும் பயன்படுவது அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம். அங்கே சார்ல்ஸ்டனில் சிட்டடல் என்ற பழமையான அரசு இராணுவக் கல்லூரி இருக்கிறது. விமானப்படை லெப்டினன்ட் ஜெனரல் ஜான் ரோசா 2006 முதல் 2018 வரை அதன் தலைவராக இருந்தார். அவர் அந்தக் கல்லூரியிலேயே 1973-இல் பட்டம் பெற்றவர். தலைவராக வருவதற்கு முன்பு, பாலியல் வன்முறைப் புகார்களால் நிலைகுலைந்திருந்த அமெரிக்க விமானப்படை அகாதமியைச் சீர்செய்யும் பொறுப்போடு 2003 முதல் 2005 வரை அதன் தலைமையில் இருந்தவர். அதாவது ஒரு கல்வி நிறுவனத்தை நடத்திய அனுபவத்தோடு, தனக்குப் பழக்கமான மண்ணுக்குத் திரும்பினார். பன்னிரண்டு ஆண்டுகள் நிலைத்தார். அதே மாநிலத்தின் தென் கரோலினா பல்கலைக்கழகம் ஒரு பொதுப் பல்கலைக்கழகம். வெஸ்ட் பாயிண்ட் இராணுவ அகாதமியின் தலைவராக இருந்த தரைப்படை லெப்டினன்ட் ஜெனரல் ராபர்ட் காஸ்லன் 2019-இல் அதன் தலைவரானபோது ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். நிர்வாகக் குழுவே பிளவுபட்டு வாக்களித்தது. 2021 மே மாதப் பட்டமளிப்பு விழாவில், வேறொருவர் உரையின் பகுதியைப் பெயர் குறிப்பிடாமல் பயன்படுத்தியது வெளிவந்ததும் அவர் பதவி விலகினார். ஒரே மாநிலம், ஒரே பதவிநிலை, இருவருமே அகாதமி நடத்தியவர்கள். ஒருவர் சென்றது சீருடை அணிந்த கல்லூரிக்கு. மற்றவர் சென்றது, ஒரு மேற்கோளுக்குப் பெயர் குறிப்பிடாமல் விடுவதையே பெருங்குற்றமாகக் கருதும் சமூகத்துக்கு. அந்தச் சமூகம் அப்படிக் கருதுவது சரியே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓய்வுக்குப் பின் அந்தக் கல்லூரியில் நிர்வாகப் பொறுப்பேற்ற முதல் பருவத்தில், உள்மதிப்பீட்டு முறையை மாற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். முறை நல்லது என்று இன்றும் நம்புகிறேன். பெலகாவியிலுள்ள விமானப்படை வீரர் பயிற்சிப் பள்ளியில் அப்படி ஒரு மாற்றம் மறுநாள் காலையே நடைமுறைக்கு வந்திருக்கும். இங்கே யாரும் மறுக்கவில்லை, யாரும் செய்யவுமில்லை. மூத்த தமிழாசிரியர் ஒருவர் என் அறைக்கு வந்து, “ஐயா, தண்ணியைக் கல்லணையில திறந்தா போதாது, கடைமடைக்கு வர்ற வரைக்கும் ஒவ்வொரு மதகுலயும் ஆள் வேணும்” என்றார். பாடக்குழுவில் வைக்காமல், துறைத் தலைவர்களோடு பேசாமல், அவர்களுடைய மறுப்பைக் கேட்டு என் வரைவை இரண்டு இடத்தில் திருத்தாமல் அதை நிறைவேற்ற முடியாது என்று புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. பல்கலைக்கழகத்தில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. சிண்டிகேட், செனட், கல்விக் குழு, பாடக்குழுக்கள், ஆசிரியர் சங்கம், மாணவர்கள், இணைப்புக் கல்லூரிகள் என ஒவ்வொன்றும் ஒரு மதகு. இவற்றில் எதுவும் துணைவேந்தருக்குக் கீழ்ப்பட்ட படைப்பிரிவு அல்ல. வாதம் செய்யும் உரிமை அந்த அமைப்பின் உயிர். அதைக் கட்டுப்பாடின்மை என்று எண்ணும் படை அதிகாரி, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அங்கே தோற்பார்.

ஆனால் படைப்பணி பல்கலைக்கழகத்துக்குத் தருவது குறைவும் அல்ல. ஒரு விமானப்படைத் தளத்தின் தளபதி ஒரு சிறு நகரத்தையே நடத்துகிறார். ஓடுதளம், எரிபொருள், ஆயுதக் கிடங்கு மட்டுமல்லாமல், குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, கணக்குத் தணிக்கை எல்லாம் அவர் பொறுப்பு. தஞ்சாவூர் தளம் இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளமாகத் தொடங்கி, 2013 மே மாதம் முழு விமானப்படைத் தளமாகி, 2020 ஜனவரி 20 அன்று பிரம்மோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 எம்கேஐ விமானங்களோடு 222-ஆம் படைப்பிரிவைப் பெற்றது. இப்படி ஒரு தளத்தை நடத்தியவருக்கு, கட்டடப் பணி இழுபடுவதும் தேர்வு முடிவுகள் தாமதமாவதும் இயல்பு என்று தோன்றாது. விபத்து நடந்தால் யார் மீது பழி என்பதற்கு முன்பு எது பிழைத்தது என்று விசாரிக்கும் பழக்கம் விமானப்படையின் மிகச் சிறந்த கொடை என்று நினைக்கிறேன். நம் பல்கலைக்கழகங்களில் ஒரு வினாத்தாள் கசிந்தால் அந்தப் பழக்கம் எவ்வளவு தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள்.

பேராசிரியர் அல்லாதவர் துணைவேந்தராக வருவது நம் பகுதிக்குப் புதிதும் இல்லை. வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் படித்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த அரசியல் அறிஞர். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவரைப் பொது வாழ்வின் புகழுக்காகத்தான் அழைத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பொது வாழ்வுக்கு முன் அவர் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். வெளியிலிருந்து வந்தவர்போலத் தெரிந்தாலும் உள்ளே ஓர் ஆசிரியர் இருந்தார். விமானப்படையிலும் அத்தகையவர்கள் உண்டு. அதன் முதல் பெண் ஏர் மார்ஷலான பத்மா பந்தோபாத்யாய், திருப்பதியில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர், வான்வெளி மருத்துவத்தில் நிபுணர். மருத்துவப் பிரிவில் உள்ளவர்கள் ஆய்வையும் கற்பித்தலையும் பணியின் பகுதியாகவே செய்ய முடிகிறது. விமானியாக உயர்பவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

இனி உங்கள் வாழ்க்கைக் கணக்கு. ஏர் மார்ஷலாகி 60-இல் ஓய்வு பெற்றுத் துணைவேந்தராவது என்ற வழியில், எண்ணிக்கையில் மிகச் சிலரே எட்டும் பதவியை முதலில் எட்ட வேண்டும். பிறகு பத்தாண்டுக் கல்வி அனுபவத்தை நிறுவ வேண்டும். அதற்குப் பின் நியமனம், ஒருவேளை வழக்கு. மத்தியப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் 70 வயது வரை பணியாற்றலாம் என்பதால் கால அவகாசம் இருக்கிறது; தகுதிதான் தடை. மாறாக இன்னொரு வழியைப் பாருங்கள். விமானப்படையில் விமானம் ஓட்டாத தரைப்பணிப் பிரிவில் குறுகிய காலப் பணியாக 24 வயதில் சேர்ந்தால், பத்து ஆண்டு கழித்து 34-இல் வெளியே வரலாம். உதவித்தொகையோடு நான்கு ஆண்டில் முனைவர் பட்டம். 38-இல் உதவிப் பேராசிரியர். வெளியீடுகளும் ஆய்வு மதிப்பெண்ணும் இருந்தால் பத்து ஆண்டில் நேரடித் தேர்வில் பேராசிரியர் ஆகலாம். பதவி உயர்வுத் திட்டத்தில் என்றால் 15 ஆண்டு ஆகும். அதற்கு மேல் பத்தாண்டு. ஆக 58-க்கும் 63-க்கும் இடையில், யாரும் கேள்வி கேட்க முடியாத தகுதியோடு நீங்கள் அந்தத் தேடுதல் குழுவின் முன் நிற்பீர்கள். உதவிப் பேராசிரியர் பணியிடம் காலியாக இருப்பதும் அறிவிப்பு வருவதும் நம் கையில் இல்லை என்பதால், இந்தக் கணக்கில் சில ஆண்டுகள் முன்பின் ஆகும். ஆனாலும் பல்கலைக்கழகத் தலைமைதான் உங்கள் இறுதி விருப்பம் என்றால், படையில் உச்சிவரை போவதைவிடப் பாதியில் இறங்குவதே நேர்வழி. உச்சிவரை போக வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்காகவே போங்கள். துணைவேந்தர் நாற்காலியை அதற்குக் காரணமாக்காதீர்கள்.

கல்விப் பிரிவைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனெனில் அது உங்கள் பட்டத்துக்குப் பொருந்தும். முதுகலைப் பட்டதாரிகளை எடுக்கும் பிரிவு அது. பெண்களுக்கு நிரந்தரப் பணி வழங்குவதாக 2008-இல் முடிவெடுக்கப்பட்டபோது முதலில் திறக்கப்பட்ட பிரிவுகளில் ஒன்றும் அதுவே. நிரந்தரப் பணி காலியிடத்தையும் தகுதி வரிசையையும் பொறுத்தது. உறுதியாக எண்ணிக்கொள்ள வேண்டாம். அதில் இருந்தபடியே வாசிக்கவும் கற்பிக்கவும் முடியும். பணியின் நடுவே வெலிங்டன் படிப்பு கிடைத்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டமும் சேரும். நான் பணியில் இருந்தபோது ஆய்வுக் கட்டுரைகள் எழுதாமல் விட்டதுதான் பின்னாளில் எனக்குப் பெரிய குறையாக நின்றது. மாலை நேரங்கள் இருந்தன, நூலகம் இருந்தது. இது படைக்கு வேண்டாத வேலை என்று எண்ணிவிட்டேன். நீங்கள் அப்படி எண்ணாதீர்கள்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். நெட் தேர்வையும், விமானப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஏஎஃப்கேட் தேர்வையும் ஒன்றுக்கொன்று எதிராக வைக்க வேண்டியதில்லை. முனைவர் பட்டம் 34 வயதிலும் கிடைக்கும், ஆனால் தரைப்பணிப் பிரிவுக்கு வயது வரம்பு 20 முதல் 26 வரை, விமானிப் பிரிவுக்கு 24 வரை. ஏஎஃப்கேட் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அறிவிப்பு பெரும்பாலும் ஜூன், டிசம்பர் மாதங்களில் வரும். முதலாண்டில் இருக்கும் உங்களுக்கு, இறுதியாண்டு மாணவராக விண்ணப்பிக்கும் வாய்ப்பு அடுத்த கல்வியாண்டில் வரும். நிலுவைத் தாள் இருக்கக் கூடாது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். கல்விப் பிரிவுக்கு எந்த முதுகலைப் பாடங்களை ஏற்கிறார்கள் என்ற பட்டியல் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுவதுண்டு. விமானப்படை இணையதளத்தில் வெளியாகும் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பதிவிறக்கி, இயற்பியல் அதில் இருக்கிறதா, மதிப்பெண் வரம்பு எவ்வளவு என்று நீங்களே வரிவரியாகப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.